ஊர் மூட்டைக்குள் வண்டு வந்தது எப்படி?

மே மாதக் கடைசி. கோடை விடுமுறைக்கு ஊர் போனவர்கள் திரும்பும் நேரம். திருநெல்வேலி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து மும்பைக்கு வரும் ரயில்களில் கால் வைக்க இடம் இராது. இருக்கைக்கு அடியிலும் கதவோரத்திலும் மூட்டைகள். மாங்காய் ஊறுகாய், வற்றல், முறுக்கு டின் இவற்றுக்கு நடுவே ஓர் அரிசி மூட்டையும் கட்டாயம் இருக்கும். சொந்த வயலில் விளைந்ததாக இருக்கலாம். பிள்ளைகள் ஊர்ச் சோறு சாப்பிடட்டும் என்று பாட்டி கட்டிக் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

தாராவியிலோ, செம்பூரிலோ, முலுண்டிலோ உள்ள ஒற்றை அறையில் அந்த மூட்டை கட்டிலுக்கு அடியில் இடம் பிடிக்கிறது. ஜூன் இரண்டாவது வாரம் மழை தொடங்குகிறது. ஜூலை நடுவில் ஒருநாள், உலைக்கு அரிசி எடுக்க மூட்டையைப் பிரித்தால், உள்ளே கருப்பாகச் சின்னச் சின்ன வண்டுகள் ஊர்கின்றன. கையை விட்டால் மாவு போல் தூசு ஒட்டுகிறது.

"ஊரிலே ஆறு மாசம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதே. இங்கே வந்தா மட்டும் எங்கேயிருந்துதான் வருதோ?" என்று அங்கலாய்க்கிறார் வீட்டுக்காரி.

"மழைக்காத்து பட்டா அரிசியே வண்டா மாறிடும்க்கா" என்கிறார் அடுத்த அறைப் பெண்.

"கடையிலே மாத்திரை விக்கிறான். நாளைக்கு ரெண்டு வாங்கி மூட்டைக்குள்ளே போட்டுட்டாப் போச்சு" என்கிறார் வீட்டுக்காரர்.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆயிரம் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. முதலாவது நல்ல கேள்வி. இரண்டாவது தவறான பதில். மூன்றாவது உயிரையே பறிக்கக்கூடிய முடிவு. வண்டின் வாழ்க்கை முறையைத் தெரிந்துகொண்டால் மூன்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

அரிசி வண்டாக மாறுமா?

மாறாது. வண்டு முட்டையிலிருந்துதான் பிறக்கிறது. அந்த முட்டை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால்தான் அரிசியே உயிர் பெற்று ஊர்வது போலத் தோன்றுகிறது.

அரிசியில் காணப்படும் இந்த வண்டைச் சில ஊர்களில் மூக்கு வண்டு என்றும், சில ஊர்களில் கூன் வண்டு என்றும் சொல்வார்கள். மராத்தியர்கள் "சோண்டே" என்கிறார்கள். சோண்ட் என்றால் யானையின் துதிக்கை. எல்லாமே பொருத்தமான பெயர்கள்தான். இரண்டரை முதல் 4 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள இந்தச் சிறு பூச்சியின் தலை முன்பக்கம் துதிக்கைபோல் நீண்டிருக்கிறது. அந்த மூக்கின் நுனியில்தான் வாயும் பற்கள் போன்ற தாடைகளும் உள்ளன. முதுகில் சிறகு மூடியின் மேல் மங்கலான செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு இருக்கும். சுவீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர் லின்னேயஸ் 1763ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அரிசியின் பெயரையே சேர்த்து வைத்தார்.

பெண் வண்டு ஓர் அரிசி மணியைத் தேர்ந்தெடுத்து, மூக்கு நுனியால் சிறு குழி தோண்டுகிறது. குழிக்குள் ஒரே ஒரு முட்டை இடுகிறது. பிறகு பசை போன்ற ஒரு பொருளால் குழியின் வாயை அடைத்துவிடுகிறது. அந்த அடைப்பு அரிசியின் நிறத்திலேயே இருப்பதால், கண்ணாடி போட்டுப் பார்ப்பவருக்கும் வேறுபாடு தெரியாது. இவ்வாறு ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளான நான்கைந்து மாதங்களில் 300 முதல் 400 முட்டைகள் வரை இடக்கூடும்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரிந்து, காலில்லாத வெள்ளைப் புழு வெளிவருகிறது. அதற்கு வீடும் அந்த அரிசி மணிதான், சாப்பாடும் அதுதான். உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, உள்ளேயே வண்டாக மாறுகிறது. வண்டான பிறகும் சில நாள் அங்கேயே தங்கி உடல் இறுகிய பின்னர், சுவரைக் கடித்துத் துளையிட்டு வெளியே வருகிறது. மும்பை மழைக்கால வெப்பத்தில் முட்டையிலிருந்து இந்த நாள்வரை ஏறத்தாழ ஒரு மாதம்.

ஜூலை நடுவில் வெளிப்படும் வண்டு ஜூலையில் வந்து சேர்ந்ததல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ரயிலில் வந்த அரிசி மணிக்குள்ளேயே டிக்கெட் இல்லாத பயணியாக அதுவும் வந்தது. ஊர் அரிசி ஆலையிலோ, கடைச் சாக்கிலோ, முன்பு வேறு தானியம் கட்டிய பழைய கோணியிலோ அதன் தாய் முட்டையிட்டிருக்கும்.

ஒரு கணக்கு

ஒரே ஒரு பெண் வண்டு 300 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். பாதி கெட்டுப் போனாலும் 150 மிஞ்சும். அவற்றில் பாதி பெண் என்றால் 75. அந்த 75ம் இதே விகிதத்தில் பெருகினால் அடுத்த தலைமுறையில் 11,250 வண்டுகள். எல்லாம் இப்படித் தடையின்றிப் பெருகுவதில்லை என்றாலும், ஜூலையில் பத்து வண்டு தெரிந்த மூட்டை செப்டம்பரில் மாவாகிப் போவது ஏன் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஊரில் வராதது இங்கே ஏன்?

வீட்டுக்காரியின் கேள்விக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் உமி. அந்தக் காலத்தில் கிராமத்தில் சேமித்தது அரிசியை அல்ல, நெல்லை. குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லாகக் கொட்டி வைத்து, தேவைப்படும்போது குத்தினார்கள். அல்லது ஆலைக்குக் கொண்டுபோனார்கள். கீறல் இல்லாத உமி மூக்கு வண்டுக்கு ஒரு கோட்டைச் சுவர். அதைத் துளைத்து முட்டையிடுவது அதற்குக் கடினம். நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும் வேறு உண்டு என்றாலும், மூக்கு வண்டிடமிருந்து உமி பெருமளவு காப்பாற்றிவிடும். மும்பைக்கு வருவதோ கவசம் கழற்றிய அரிசி.

இரண்டாவது காரணம் ஈரம். தானியம் தானாகவே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்து 12 சதவிகித ஈரத்துடன் வந்த அரிசி, கொங்கண் கடற்கரையின் மழைக்காற்றில் திறந்து கிடந்தால் 14, 15 சதவிகிதம் வரை ஏறலாம். 10 சதவிகிதத்துக்குக் கீழே காய்ந்த தானியத்தில் மூக்கு வண்டால் பெருக முடிவதில்லை. ஈரம் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். வெப்பம் 27 முதல் 30 டிகிரி வரை இருந்தால் இன்னும் கொண்டாட்டம். மும்பையின் மழைக்காலம் இந்த இரண்டையும் ஒருங்கே கொடுக்கிறது.

வண்டுகள் பெருகியதும் அவற்றின் மூச்சிலிருந்தே வெப்பமும் ஈரமும் வெளிப்படுகின்றன. மூட்டையின் நடுவில் கை வைத்தால் கதகதவென்று இருப்பது இதனால்தான். அந்த இடத்தில் பூஞ்சணம் பிடித்தால் அரிசி கட்டி கட்டியாகிறது. முடை வாசனை வீசுகிறது. சில வகைப் பூஞ்சணங்கள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். எனவே பூஞ்சணம் பிடித்த அரிசியைக் கழுவி உபயோகிக்கலாம் என்று எண்ணக் கூடாது. வெறும் வண்டு வேறு, பூஞ்சணம் வேறு.

பயறில் வேறு, மாவில் வேறு

சமையலறையில் காணும் வண்டுகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் வட்டமான துளை போட்டு வருவது பயறு வண்டு. இது முட்டையை ஒளிப்பதில்லை. பயறின் தோலின் மேலேயே வெள்ளைப் புள்ளி போல் ஒட்டிவிட்டுப் போகிறது. புழு அங்கிருந்தே உள்ளே துளைத்துச் செல்கிறது. வளர்ந்த வண்டு தானியத்தைத் தின்பதே இல்லை. பத்துப் பதினைந்து நாள் வாழ்ந்து, முட்டையிட்டு, மடிகிறது. தின்பதெல்லாம் புழுதான். வயலில் காய் முற்றும்போதே இது முட்டையிடத் தொடங்கிவிடுவதால், களத்திலிருந்தே வண்டு கூட வருகிறது. கடையில் பயறு வாங்கும்போது ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் பரப்பி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தென் மாவட்டங்களில் துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் வழக்கம் இந்த வண்டை எண்ணித்தான். மண் பூசிய விதையில் முட்டை ஒட்டுவது கடினம். நுண்ணிய மண்துகள் பூச்சியின் உடலிலுள்ள மெழுகுப் பூச்சைச் சுரண்டி, அதன் உடல் ஈரத்தை உலர்த்தியும்விடும். விதைகளைச் சாம்பலில் புரட்டி வைப்பதும் இதே தத்துவம்தான். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை மிகக் குறைவு.

கோதுமை மாவு, ரவை, மைதாவில் தெரியும் செம்பழுப்பு வண்டு மாவு வண்டு. முழுத் தானியத்தை உடைக்க இதற்குச் சக்தியில்லை. மற்ற வண்டுகள் உடைத்துப் போட்ட குருணையையும் தூசியையும் தின்று வாழும். ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். பெருகிவிட்டால் இதன் உடலிலிருந்து சுரக்கும் ஒரு காரமான பொருள் மாவில் கலந்து, மாவு இளஞ்சிவப்பாகி, நெடி அடிக்கும். அத்தகைய மாவைச் சலித்து உபயோகிப்பதில் பயனில்லை. சல்லடை வண்டைத்தான் பிடிக்கும், நெடியைப் பிடிக்காது. முட்டைகளும் சல்லடைக் கண்ணில் நழுவிவிடும்.

கோதுமையிலும் நெல்லிலும் ஏராளமாக மாவுத் தூசு உதிர்ந்தால் அது தானியத் துளைப்பானின் வேலை. மற்ற வண்டுகள் பெருக முடியாத அளவு காய்ந்த தானியத்திலும் இது பெருகும். மெல்லிய பாலிதீன் பையை உள்ளிருந்தே துளைத்து வெளியே வரும். மல்லி, மிளகாய், மஞ்சள் தூள் டப்பாக்களில் வரும் உருண்டையான சிறு வண்டுகள் இரண்டு வகை. ஒன்று மருந்துக்கடை வண்டு, மற்றொன்று சிகரெட் வண்டு. மூலிகை, பிஸ்கட், புகையிலை, ஏன், பழைய புத்தகத்தின் அட்டைப் பசையைக்கூட இவை விடுவதில்லை.

ராஜாவையும் விடாத வண்டு

மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த உறவு தொடர்கிறது. எகிப்தில் 1922ல் திறக்கப்பட்ட டுடன்காமுன் மன்னரின் கல்லறையில், 3,300 ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட உணவுப் பொருள்களுக்கிடையே மருந்துக்கடை வண்டும் சிகரெட் வண்டும் மடிந்து கிடந்தன.

அரசாங்கங்களையே அலறவைக்கும் வண்டும் உண்டு. கோதுமையைத் தாக்கும் கப்ரா வண்டின் தாயகம் இந்தியா என்று கருதப்படுகிறது. இதன் புழு, சுவர் இடுக்கில் புகுந்துகொண்டு, ஆகாரம் இல்லாமல் வருடக்கணக்கில் உறங்கும் சக்தி கொண்டது. 1953ல் இது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காணப்பட்டபோது, கிடங்குகளை முழுக் கட்டடமாகவே தார்ப்பாய் போட்டு மூடி, நச்சு வாயு செலுத்தி, பல ஆண்டுகள் போராடித்தான் ஒழித்தார்கள்.

இந்தியாவிலும் தானியத்தைக் காப்பது தனி விஞ்ஞானமாகவே வளர்ந்தது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கியபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்தது தஞ்சாவூரில்தான். உத்தரப் பிரதேசத்திலுள்ள ஹாப்பூரில் தானியச் சேமிப்புக்கென்றே ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் உள்ளது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், தானியத்துக்குள் செருகி வைக்கும் துளைக் குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியது. காற்றைத் தேடி நகரும் வண்டு துளை வழியாகக் குழாய்க்குள் புகுந்து, அடியிலுள்ள புனலில் விழுந்துவிடும். ஏறி வர முடியாது. மருந்து தேவையில்லை. எத்தனை வண்டு விழுந்தது என்று பார்த்து, தானியத்தின் நிலையை ஆரம்பத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

மாத்திரை என்னும் எமன்

இப்போது வீட்டுக்காரர் வாங்கி வரப்போகும் மாத்திரைக்கு வருவோம்.

கிடங்குகளில் உபயோகிக்கும் அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் என்ற வாயு வெளிப்படுகிறது. பூண்டு வாசனை அல்லது அழுகிய மீன் வாசனை வீசும். அரிசி மணிக்குள் இருக்கும் புழுவரை ஊடுருவிக் கொல்லும் ஆற்றல் இந்த வாயுவுக்கு உண்டு. அதனால்தான் கிடங்குகளில் தானிய அடுக்குகளைக் காற்றுப் புகாத உறை போட்டு மூடி, விளிம்புகளில் மணல் பை அடுக்கி, ஒரு வாரம் வரை ஆள் நடமாட்டம் இல்லாமல் வைக்கிறார்கள். பிறகு காற்றாட விட்டு, கருவி கொண்டு சோதித்த பின்புதான் உள்ளே போகிறார்கள்.

அறையோடு வாழும் குடும்பத்துக்கு இதெல்லாம் முடியுமா? 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை ஏறத்தாழ 1 கிராம் வாயுவை விடுகிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள மூடிய அறையில் அது முழுவதும் பரவினால், தொழிற்சாலைகளில் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று வைத்துள்ள அளவைப்போல் 80 மடங்குக்கு மேல் ஆகிவிடும். மழைக்கால ஈரத்தில் வாயு இன்னும் வேகமாக வெளிப்படும். காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு ஆதலால், தரையில் பாய் விரித்துத் தூங்கும் குழந்தைகளுக்கே முதல் ஆபத்து. பலகைச் சுவரின் இடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். மாத்திரை போட்ட வீட்டில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டில் உறங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள்.

இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. வாந்தி, தலைவலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் என்றுதான் தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. அந்த மணி நேரங்கள்தான் உயிரைப் பறிக்கின்றன. சந்தேகம் வந்தால் உடனே எல்லோரும் வெளியே திறந்த காற்றுக்கு வர வேண்டும். கதவு, ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். மாத்திரையின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் வாயு இன்னும் பொங்கும். 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தானியத்துக்கு மாத்திரை போட்டிருந்த விவரத்தை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்திய அரசின் விதிகளின்படி, இந்த மருந்தை அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களும் மட்டுமே, நிபுணரின் மேற்பார்வையில் உபயோகிக்கலாம். சில்லறையாக ஒன்றிரண்டு மாத்திரையைப் பொட்டலம் கட்டித் தருவது சட்ட விரோதம். அரைகுறையாக மூடிப் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. வாயுவுக்குத் தப்பிய வண்டுகளின் சந்ததிகள் அதைத் தாங்கும் சக்தி பெறுகின்றன. இந்தியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மாவு வண்டும் தானியத் துளைப்பானும் ஏற்கெனவே இந்தச் சக்தியைப் பெற்றுவிட்டன.

பாச்சை உருண்டை, போரிக் பவுடர் இவற்றையும் அரிசியோடு சேர்க்கலாகாது. இரண்டும் வயிற்றுக்குள் போக வேண்டிய பொருள்கள் அல்ல.

ஒற்றை அறையில் என்ன செய்யலாம்?

வண்டின் பலவீனங்கள் நான்கு. அதற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும், ஒரு மாத அவகாசம் வேண்டும். இந்த நான்கில் எதைப் பறித்தாலும் அது தோற்றுப்போகும்.

அவகாசத்தைப் பறிப்பது எளிது. ஊரிலிருந்து மூட்டை வந்த அன்றே பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒரு கைப்பிடி அரிசியைத் தண்ணீரில் போட்டால், உள்ளே குடையப்பட்ட மணிகள் மிதக்கும். ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி ஒரு மாதம் வைத்தால், உள்ளே முட்டை இருந்ததா என்று அதுவே சொல்லும். ஊர் அரிசியை விசேஷ நாளுக்கென்று பூட்டி வைத்துவிட்டு ரேஷன் அரிசியை முதலில் தீர்ப்பது பலர் வழக்கம். மழைக்காலத்தில் இதை மாற்றி, ஊர் அரிசியை முதல் இரண்டு மாதத்திலேயே சாப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஆறு மாதத்துக்கென்று ஒரே மூட்டையாகக் கொண்டு வருவதைவிட, ஊரிலிருந்து வருபவர் போகிறவர் மூலம் இரண்டு முறையாக வாங்கிக்கொள்வது மேல்.

காற்றைப் பறிக்க, கோணியை விட்டு டின்னுக்கு மாற வேண்டும். இறுக்கமான மூடியுள்ள டின்னில் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டிரம்மில் வாய்வரை அரிசியை நிரப்பி மூடினால், உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்றையும் வண்டுகளே மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். பிறகு அவற்றால் பெருக முடியாது. இதில் இரண்டு நிபந்தனை. அரிசி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அந்த டின்னைத் தினம் திறக்கக் கூடாது. தினசரிச் செலவுக்குச் சிறிய டப்பா தனியாக இருக்கட்டும். பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டுவது, வண்டுக்குப் புது வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். டின்னைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும். காலிக் கோணியைக் கொதிநீரில் முக்கிக் காயப்போட வேண்டும்.

ஈரத்தைத் தடுக்க, டின்னைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். மழை நாளில் ஒழுகும் மூலை தானியத்துக்கு ஆகாது.

வெப்பத்தையும் குளிரையும் ஆயுதமாக்கலாம். கோதுமை, பயறு வகைகளைக் கடும் வெயிலில் மெல்லியதாகப் பரப்பினால், சூடு 50 டிகிரியைத் தாண்டும்போது வண்டும் புழுவும் மடியும். பயறை இரண்டு பாலிதீன் தாள்களுக்கு நடுவே பரப்பி, ஓரங்களை மடித்து வெயிலில் வைத்தால் சூடு இன்னும் ஏறும். மே மாதமே இதற்கு ஏற்றது. ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? அரிசியை மட்டும் நெடுநேரம் வெயிலில் போட்டால் மணி வெடித்துக் குருணையாகும். அதை முறத்தில் புடைத்து, நிழலில் உலர்த்துவதே நல்லது. ரவை, மைதா, பயறு போன்றவை சிறிதளவே என்றால், வீட்டில் பிரிட்ஜ் இருப்பவர்கள் ஒரு வாரம் பிரீசரில் வைத்து எடுக்கலாம். முட்டை உள்பட அழிந்துவிடும்.

மராத்தி, குஜராத்தி வீடுகளில் மழைக்கு முன்பே கோதுமைக்கும் அரிசிக்கும் விளக்கெண்ணெய் தடவி வைப்பதைப் பார்த்திருக்கலாம். இது வெறும் பழக்கம் அல்ல. எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுத் திணற வைக்கிறது. பயறுக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் போதும். எல்லா மணியிலும் படும்படி பிசறிவிட வேண்டும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வெளியே திரியும் வண்டை ஓரளவு விரட்டும். ஆனால் மணிக்குள் வளரும் புழுவை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வேப்பிலை போட்டும் வண்டு வந்துவிட்டதே என்று வருந்துபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். ஈர வேப்பிலை போடுவது ஈரத்தையும் சேர்த்துப் போடுவதாகும்.

வண்டு விழுந்த அரிசியைச் சாப்பிடலாமா?

மூக்கு வண்டு கடிக்காது. நோய் பரப்பும் பூச்சியும் அல்ல. பத்து இருபது வண்டு தெரிந்த அரிசியைப் புடைத்து, நாலு தண்ணீரில் கழுவி, மிதப்பதைக் களைந்துவிட்டுச் சமைக்கலாம். தட்டில் கொட்டியதும் செத்ததுபோல் காலை மடக்கிக் கிடக்கும் வண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆள் அசைவு நின்றதும் அது எழுந்து நடக்கும். நேராக டின்னைத் தேடிப் போகும், பறக்கவும் தெரியும். எனவே புடைத்த வண்டைக் குப்பைக் கூடையில் போடாமல், சோப்புத் தண்ணீரில் கொட்டுவதே சரி.

பாதிக்குப் பாதி துளை விழுந்து, தூசும் நெடியுமாகிவிட்ட அரிசி வேறு விஷயம். அதில் சத்தும் போய்விட்டது. பூச்சியின் கழிவும் சேர்ந்துவிட்டது. காசு போட்ட பொருளாயிற்றே என்று அதைச் சோறாக்குவதைவிட விட்டுவிடுவதே மேல். அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் சாமர்த்தியம்.

கோதுமையோடு வண்டும் அரைபடும் என்று இந்தியில் ஒரு பழமொழி சொல்வார்கள். குற்றவாளியோடு சேர்ந்து குற்றமற்றவனும் மாட்டிக்கொள்வதைக் குறிப்பது அது. மாத்திரை போட்ட அறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே வண்டோடு சேர்ந்து வீட்டிலுள்ளவர்கள் அரைபடுகிறார்கள். 25 கிலோ அரிசி போனால் அடுத்த சம்பளத்தில் வாங்கிவிடலாம்.

வரும் மே மாதம் ஊர் மூட்டை வந்து இறங்கியதும், அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். பிரித்துப் பார்த்து, புடைத்து, உலர்த்தி, டின்னில் வாய்வரை நிரப்பி மூடிவிட்டால், பாட்டி கொடுத்தனுப்பிய அரிசியைப் பிள்ளைகளே சாப்பிடுவார்கள்.